வண்டிக் கேள்வி பதில்: அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைய எங்க போட்டீங்க?

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல கொடைக்கானல் பக்கத்துலேர்ந்துதான். மலைக்காரங்க பழைய வண்டிய அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போட மாட்டாங்க, இன்ஜின் செத்தா வேற இன்ஜின தேடிப் பிடிச்சு உள்ள எறக்கிருவாங்க. எறக்குறது பெரிசில்ல, அதுக்கப்புறம் ஒயரிங்னு ஒண்ணு இருக்குல்ல, அங்கதான் எல்லாரும் முழிக்கிறது. ஒரு கடுதாசிக்கு மட்டும் கொஞ்சம் நீளமா பதில் எழுதிட்டேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

*

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க தாத்தா காலத்து ஜீப் பிக்கப், மஹிந்திரா, டீசல். பூண்டு, கேரட்டு, உருளைக்கிழங்கு ஏத்துற வண்டி. போன வருஷம் இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுப் போச்சு. ஸ்கிராப்ல கெடச்ச காண்டெஸா 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜின வாங்கி, அடாப்டர் பிளேட்டெல்லாம் லேத்துல அடிச்சு உக்கார வெச்சுட்டோம். இப்போ பிரச்சினை என்னன்னா, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் அழகா பிடிக்குது, பிடிச்சிருச்சேன்னு சாவிய விட்டா அந்த செகண்டே ஆஃப். மெக்கானிக் அண்ணன் பேட்டரிலேர்ந்து காயிலுக்கு (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற சாமான்) டைரக்டா ஒரு ஒயர் குடுத்தாரு. ஓடுச்சு. ஆனா சாவி ஆஃப் பண்ணாலும் நிக்கல, ஒயர உருவுனாத்தான் நிக்குது. காயில கையால தொட முடியல, அப்படிக் கொதிக்குது. ரெண்டாவது லோடு வடுகபட்டிக்குப் பூண்டு எறக்கும்போது பூம்பாறை தாண்டி சாயந்தரம் காயில் செத்துருச்சு, ராத்திரி முழுக்க மூட்டை மேலயே படுத்துக் கெடந்தேன். சொல்ல மறந்துட்டேன், அந்த இசுசு இன்ஜினோட வந்த காயில் கூட ரெண்டு முனை வெச்ச வெள்ளைப் பீங்கான் கட்டை மாதிரி ஒரு சாமான் இருந்துச்சு, தேவையில்லன்னு கழட்டிட்டோம். (மன்னவனூர் வாசகர்)

பதில்: தம்பி, கடைசி வரில சொன்னீங்க பாருங்க, அத மொத வரில சொல்லிருந்தா எனக்கு ஒரு டீ செலவு மிச்சம். அந்த வெள்ளைக் கட்டைதான் உங்க பிரச்சினை மொத்தமும். அதுக்குப் பேரு பலாஸ்ட் ரெசிஸ்டர். இப்போ எங்க இருக்கு? குப்பைல போட்டிருந்தா போய்த் தேடுங்க, ஆட்டுப் பண்ணை ரோட்டுல வீசியிருந்தாலும் பரவால்ல.

கத என்னன்னு சொல்றேன். டிசம்பர்ல உங்க ஊர்ல காலைல அஞ்சு மணிக்கு செல்ஃப் அடிக்கிறீங்கன்னு வைங்க. ஆயில் அல்வா மாதிரி கெட்டியா இருக்கும், செல்ஃப் மோட்டார் பேட்டரியப் போட்டு இழுக்கும், 12.6 வோல்ட்டு இருந்த பேட்டரி சட்டுன்னு 9, 9.5-க்கு எறங்கிரும். சரியா அந்த நேரத்துலதான் இன்ஜினுக்கு நல்ல ஸ்பார்க் வேணும். இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. காயில 12 வோல்ட்டுக்கு செய்யாம அதுக்கும் கீழ, ஏழெட்டு வோல்ட்டுக்குத் தோதா சுத்துறது. ஓடும்போது பலாஸ்ட் வழியா கொறச்சு அனுப்புறது, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பலாஸ்ட்ட சுத்திக்கிட்டு வேற ஒரு ஒயர்ல முழு வோல்ட்டேஜையும் காயிலுக்கு விடுறது. அந்த ரெண்டாவது ஒயர் செல்ஃப் சொலினாய்டுல (செல்ஃபுக்குக் கரண்ட விடுற காந்த சுவிட்ச்) ஒரு சின்ன முனைலேர்ந்து வரும், 'ஆர்'னோ 'ஐ'னோ எழுதியிருக்கும், சிலதுல எதுவுமே எழுதியிருக்காது.

ஆக உங்க காயிலுக்குக் கரண்டு வர்றதுக்கு ரெண்டு ரோடு. ஒண்ணு சொலினாய்டு வழி, செல்ஃப் அடிக்கிற வரைக்கும்தான் தெறந்திருக்கும். இன்னொண்ணு சாவி, பலாஸ்ட், அப்புறம் காயில். நீங்க கட்டையக் கழட்டுனதும் ரெண்டாவது ரோடு நடுவுல வெட்டுப்பட்டுப் போச்சு. சாவிய 'ஸ்டார்ட்'லேர்ந்து விட்டதும் மொத ரோடும் மூடிக்குது. இன்ஜின் நிக்காம என்ன செய்யும். அதனால யாராவது "செல்ஃப் அடிக்கும்போது பிடிக்குது, சாவிய விட்டா ஆஃப் ஆகுது"ன்னு சொன்னா வண்டியப் பாக்காமலே நான் பலாஸ்ட்டத்தான் கேப்பேன். இதுக்கு நேர் எதிரா ஒண்ணு உண்டு, செல்ஃப் எவ்வளவு அடிச்சாலும் பிடிக்காது, சரி போன்னு சாவிய விடுற அந்த நொடில ஒரு உதை உதைச்சுப் பிடிக்கும். அது காயில் ஒயர 'ஏசிசி' முனைல மாட்டுனதால வர்றது. ரேடியோக்கு வெச்ச முனை அது, செல்ஃப் அடிக்கும்போது செத்துரும்.

இப்போ டைரக்ட் ஒயருக்கு வருவோம். நம்ம ஊர்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதத்தான் பெருமையா சொல்லுவாங்க, "டைரக்ட் குடுத்துட்டேன்ணே, இனி பிரச்சினை இருக்காது"ன்னு. கணக்கப் போட்டுப் பாருங்க. பலாஸ்ட் கூட வர்ற காயில் உள்ள 1.5 ஓம் பக்கம் இருக்கும், பலாஸ்ட்டும் ஒரு 1.5. ரெண்டும் சேந்து 3 ஓம், 12 வோல்ட்டுக்கு 4 ஆம்ப் போகும், அது பாயிண்ட்டு (காயில் கரண்ட விட்டு விட்டு வெட்டுற கான்டாக்ட்டு) தாங்குற அளவு. கட்டைய எடுத்துட்டு டைரக்ட் குடுத்தா 1.5 ஓம்தான் மிச்சம், வண்டி ஓடும்போது சார்ஜிங் 14 வோல்ட்டு வேற, பாயிண்ட்டு மூடியிருக்கிற நேரத்துல 9 ஆம்ப் வரைக்கும் ஏறப் பாக்கும். காயில் கொதிக்காம குளுகுளுன்னா இருக்கும்? உள்ள இருக்குற எண்ணெய் காஞ்சு, இன்சுலேஷன் வெந்து, அது தன் கடமைய முடிச்சுக்கிட்டு போயிருச்சு. காயில மட்டும் மாத்திட்டு ஓட்டிறாதீங்க, பாயிண்ட்டையும் பாருங்க, ரெண்டு முகமும் நீலமா கருத்து குழி விழுந்திருக்கும். பாயிண்ட், அது தீஞ்சு போகாம காக்குற கண்டென்சர் ரெண்டையும் சேத்து மாத்திருங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு வேணாம்.

அந்த பலாஸ்ட் எவ்வளவு சூடாகும்னு யாரும் சொல்றதில்ல, அதனாலதான் கண்ட எடத்துல மாட்டிருறாங்க. 4 ஆம்ப் போகும்போது அது மட்டும் 24 வாட் சூட்டக் கக்குது. 25 வாட் சால்டரிங் அயர்ன் தெரியும்ல, கிட்டத்தட்ட அது. அதனால இரும்புத் தகடுல, ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவுல இருக்குற தடுப்பு), காத்து படுற எடத்துல ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. பெட்ரோல் ஓஸ் பக்கத்துலயோ ஒயர்க் கட்டு மேலயோ வேண்டவே வேண்டாம். ஏற்கனவே டீசல் வண்டிய பெட்ரோலாக்கியிருக்கீங்க, டீசல் கசிஞ்சா நாறும், அவ்வளவுதான். பெட்ரோல் கசிஞ்சா கத வேற.

இனிமே காயில் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட "12 வோல்ட் காயில் குடுங்க"ன்னு மட்டும் கேட்டா பத்தாது, ரெண்டு வகைலயும் 12 வோல்ட்டுன்னுதான் போட்டிருக்கும். மல்டிமீட்டர 200 ஓம்ல வைங்க, மொத ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு என்ன காட்டுதுன்னு பாருங்க, 0.3, 0.4 காட்டும், அது மீட்டர் ஒயரோட பாக்கி, கழிச்சுக்கங்க. அப்புறம் காயில் பிளஸ், மைனஸ் ரெண்டுலயும் வைங்க. 3 ஓம் பக்கம் வந்தா பலாஸ்ட் வேண்டாத காயில். 1.5 பக்கம் வந்தா பலாஸ்ட் இல்லாம தொடவே தொடாதீங்க. ரெண்டையும் கலந்து 3 ஓம் காயிலுக்கு பலாஸ்ட்டும் போட்டீங்கன்னா கரண்டு மூணு ஆம்ப்கூட வராது, சமதளத்துல ஓடும், பெருமாள்மலை ஏத்தத்துல லோடோட மிஸ்ஸிங் அடிக்கும், அப்போ எல்லாரும் கார்புரேட்டரத் திட்டுவாங்க.

என்னக் கேட்டா நீங்க 3 ஓம் காயிலே போட்டுருங்க. பலாஸ்ட் செட்டுதான் குளிர்ல ஒசத்தி, இல்லைங்கல, ஆனா பூம்பாறைல ராத்திரி நின்னா பலாஸ்ட் எங்க கெடைக்கும்? சாதா காயில்னா நாலு கடைல ஒரு கடைலயாவது இருக்கும், இன்னொரு வண்டிலேர்ந்து கழட்டிக்கூட வாங்கிக்கலாம். நல்ல பேட்டரி, சுத்தமான எர்த் இருந்தா மன்னவனூர்க் குளிருக்கும் அதுவே போதும். 3 ஓம் போட்டா சொலினாய்டுலேர்ந்து வர்ற அந்த சின்ன ஒயரக் கழட்டி முனைய டேப் சுத்தி ஓரமா கட்டிருங்க, அது இனிமே வேணாம்.

பலாஸ்ட்டோடதான் போடுவேன்னா ஒரு எச்சரிக்கை. உங்க சொலினாய்டுல அந்த தனி முனை இல்லைன்னா, சாவிலேர்ந்து செல்ஃபுக்குப் போற ஒயர்லயே காயில் ஒயரையும் சேத்து முறுக்கிறாதீங்க. வண்டி ஓடும்போது பலாஸ்ட் வழியா வர்ற கரண்டு திரும்பி சொலினாய்டுக்குள்ள ஓடி, செல்ஃப் பல்லு விடாம ரிங் கியரக் கடிச்சுக்கிட்டே நிக்க வாய்ப்பிருக்கு. நடுவுல 6 ஆம்ப் டயோடு ஒண்ணு போடணும், வெள்ளிக்கோடு போட்ட முனை காயில் பக்கம்.

சாவி விஷயம். உங்க வண்டி டீசலா பொறந்தது. டீசல்ல இன்ஜின நிறுத்துறதுக்கு கேபிள இழுப்பீங்க, சாவிக்கும் இன்ஜின் ஓடுறதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தச் சாவி வேலை மீட்டருக்கும் சார்ஜ் லைட்டுக்கும் கரண்டு குடுக்குறது, குளிர்ல இன்ஜின சூடாக்குற ஹீட்டர் பிளக்கப் போடுறது, செல்ஃபுக்கு சொல்றது, அவ்வளவுதான். அதுக்குப் போட்ட ஒயரும் நூலு மாதிரி இருக்கும். இப்போ அதே சாவி நாலு ஆம்ப நாள் முழுக்கத் தாங்கணும்னா முப்பது நாப்பது வருஷம் தேஞ்ச கான்டாக்ட்டு தாங்காது. அதனால ரிலே போடுங்க, சாவிலேர்ந்து வர்ற சின்னக் கரண்ட வெச்சு பெரிய கரண்ட விடுற சுவிட்ச் அது, முனைக்கு முனை நம்பர் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரிலேர்ந்து பியூஸ் வெச்சு 2.5 ஸ்கொயர் ஒயர், 87-லேர்ந்து காயிலுக்கு (பலாஸ்ட் இருந்தா பலாஸ்ட்டுக்கு), 86-க்கு சாவியோட இக்னிஷன் முனை, 85 எர்த்து. அஞ்சு முனை ரிலே வாங்குனா நடுவுல 87ஏ-ன்னு ஒண்ணு இருக்கும், அதுல மாட்டிறாதீங்க, ரிலே தூங்கும்போதுதான் அதுல கரண்டு வரும், சாவி ஆஃப்ல காயிலுக்குக் கரண்டு, ஆன்ல இல்ல. பாத்து ரசிக்கலாம், ஓட்ட முடியாது.

சாவில எது இக்னிஷன் முனைன்னு கலரப் பாத்து முடிவு பண்ணாதீங்க. லூகாஸ்ங்குற பிரிட்டிஷ் கம்பெனி முறைல பிரவுன் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், வெள்ளைல சிவப்புக் கோடு செல்ஃப், பச்சை பியூஸ் தாண்டி வர்ற இக்னிஷன், கருப்பு எர்த்துன்னு ஒரு ஒழுங்கு உண்டு. ஆனா உங்க தாத்தா வண்டில அதுக்கப்புறம் எத்தன பேரு கைய வெச்சிருப்பாங்க? நான் ஒரு வண்டில இக்னிஷன் ஒயர் கொல்லிக்கட்டை மாதிரி கருப்பா இருக்கேன்னு உரசிப் பாத்தா உள்ள பச்சை, அதுக்குள்ள சேத்துக் கட்டுன வீட்டு ஒயர் ஒத்தக் கம்பி. வீட்டு ஒயர் அசையாத சுவத்துக்கு, ஆடுற வண்டிக்கு பல நூல் இருக்குற ஆட்டோ ஒயர்தான், இல்லைன்னா லக்கு வெச்ச எடத்துலயே ஒடிஞ்சிரும். ஒரு டெஸ்ட் லேம்ப் எடுங்க, கிளிப்ப எர்த்துல மாட்டுங்க, சாவிய ஒவ்வொரு நிலைல வெச்சு ஒவ்வொரு முனையாத் தொடுங்க. எப்பவும் எரியிறது பேட்டரி. ஆன்லயும் எரிஞ்சு, செல்ஃப் அடிக்கும்போதும் எரியிறது இக்னிஷன். ஆன்ல எரிஞ்சு செல்ஃப் அடிச்சா அணையிறது ஏசிசி. செல்ஃப் அடிச்சா மட்டும் எரியிறது ஸ்டார்ட். நாலையும் ஒரு அட்டைல எழுதி டேஷ்போர்டுக்குள்ள ஒட்டிருங்க, அடுத்த தலைமுறைக்கு ஆகும்.

ஹீட்டர் பிளக்குக்குப் போன அந்தத் தடி ஒயர் இருக்கும் பாருங்க, அத சாவி பக்கத்துலயே கழட்டி எடுத்துருங்க. இன்ஜின் பக்கம் முனைய மட்டும் டேப் சுத்தி விடுறது தப்பு, யாராவது சாவிய ஹீட்டர் பக்கம் திருப்புனா முழு பேட்டரியும் அந்த முனைல நிக்கும், கீழ பெட்ரோல் பம்பு.

காயில் மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க்க ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு விடுறது, பாயிண்ட்டு அதுக்குள்ளதான்), பிளஸ் சாவி பக்கம். நம்ம வண்டி மைனஸ் எர்த்து. மாத்திப் போட்டாலும் ஓடும், அதுதான் ஆபத்து, ஸ்பார்க் வீக்கா விழும், லோடு ஏறும்போதுதான் தெரியும். பழைய காயில்ல எஸ்டபிள்யூ, சிபின்னு போட்டிருந்தா, எஸ்டபிள்யூ சுவிட்ச், சிபி பாயிண்ட்டு. பாயிண்ட்டு வேலை செய்யுதான்னு பாக்க டெஸ்ட் லேம்ப காயில் மைனஸ்ல வெச்சு செல்ஃப் அடிங்க, மினுக் மினுக்குன்னா சரி. விடாம எரிஞ்சா பாயிண்ட்டு மூடவே இல்ல. எரியவே இல்லைன்னா பிளஸ்ல கரண்டு வரல, இல்ல பாயிண்ட்டு தெறக்கல, இல்ல கண்டென்சர் எர்த்தாகி நிக்குது. பாயிண்ட்டு இடைவெளி 0.4-லேர்ந்து 0.5 மில்லிமீட்டர் வைங்க, ஃபீலர் கேஜ் வீட்டுல மறந்துட்டா பழைய ஷேவிங் பிளேடு ஒண்ணு 0.1 மில்லி, நாலச் சேத்துப் பிடிச்சா 0.4, கைய மட்டும் அறுத்துக்காதீங்க. பயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் பத்துற வரிசை, 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற ரோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு மூடியத் தெறந்து செல்ஃப ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு லீட மாட்டுங்க.

ஒண்ணே ஒண்ணு பாக்கி, எர்த்து. புது இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல ஒக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்டு போகாது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் தடி எர்த்துப் பட்டை போட்டீங்களான்னு உங்க கடுதாசில இல்ல. நான் வத்தலக்குண்டுல தொழில் கத்துக்கிட்ட புதுசுல இன்ஜின் எறக்குன ஒரு வேனுக்கு ஒயரிங் பண்ணேன், எல்லாம் சரி, எர்த்துப் பட்டைய மட்டும் மறந்துட்டேன். செல்ஃப் அடிச்சா மொனகுது, பேட்டரி டவுன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அடிச்சேன். உள்ளேர்ந்து டிரைவர் "அய்யோ"ன்னு கத்துறாரு, என்னன்னா சோக் கேபிள் சிவந்து புகையுது, பிடிச்சிருந்த வெரல்ல கொப்புளம். செல்ஃபுக்கு வேண்டிய கரண்டு முழுசும் திரும்பி வர வழியில்லாம அந்த கேபிள் வழியா வந்திருக்கு. அந்த டிரைவர் அப்புறம் ஒரு வருஷம் என்னப் பாத்தா கைய மடக்கிக் காட்டிட்டுத்தான் போவாரு. மீட்டர 20 வோல்ட்ல வெச்சு, ஒரு முள்ள பேட்டரி மைனஸ் போஸ்ட்டுலயும் இன்னொண்ண இன்ஜின் பிளாக்குலயும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அர வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்து பத்தல.

*

கேள்வி: அண்ணே, எங்க ஜீப்புக்கு வேற பெட்ரோல் இன்ஜின் மாத்தும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற பழைய டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டாங்க. யாரும் டைரக்ட் ஒயர் குடுக்கல, காயில் சாவி வழியாத்தான் வருது, நானே பாத்தேன். அப்படியும் சாவி ஆஃப் பண்ணா இன்ஜின் நிக்க மாட்டேங்குது. கியர்ல போட்டு கிளச்ச விட்டுத்தான் நிறுத்துறேன். பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. (தாண்டிக்குடி வாசகர்)

பதில்: டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரியுதா? பல்பே இல்லைல்ல? அதான்.

ஆல்டர்னேட்டர்ல பின்னாடி ஒரு மெல்லிசு ஒயர் வரும், சார்ஜ் லைட்டுக்கு. சாவி ஆன் பண்ணும்போது அது வழியா கொஞ்சம் கரண்டு போய் ஆல்டர்னேட்டர எழுப்பும். ஓட ஆரம்பிச்சதும் அந்த முனைலயே 13, 14 வோல்ட்டு வந்துரும். சாவிய ஆஃப் பண்ணாலும் இன்ஜின் சுத்துற வரைக்கும் அந்த வோல்ட்டேஜ் அங்க இருக்கும், இப்போ அது தலகீழா திரும்பி உங்க இக்னிஷன் லைனுக்கு வந்து காயில ஓட்டுது, காயில் இன்ஜின ஓட்டுது, இன்ஜின் ஆல்டர்னேட்டர ஓட்டுது. மாமியார் மருமக மாதிரி ஒண்ண ஒண்ணு விடாது.

நடுவுல பல்பு இருந்தா இது நடக்காது. 12 வோல்ட்டு 3 வாட் பல்பு கால் ஆம்ப்புக்கு மேல விடாது, காயிலுக்கு நாலு வேணும், செத்துரும். உங்க ஆளு பல்புக்கு பதிலா ஒயரையே நேரா இணைச்சிருப்பாரு. பல்ப மாட்டுங்க, முடிஞ்சது. பல்புக்கு எடமே இல்லைன்னா 1என்5408 டயோடு ஒண்ண வரிசைல போடுங்க, வெள்ளிக்கோடு ஆல்டர்னேட்டர் பக்கம். உறுதிப்படுத்திக்க, சாவி ஆஃப்ல இன்ஜின் ஓடிட்டிருக்கும்போது அந்த மெல்லிசு ஒயர மட்டும் உருவுங்க, நின்னா பேய் அதுதான். பேட்டரி கேபிள ஓடும்போது கழட்டிறாதீங்க, ஆல்டர்னேட்டர் டயோடெல்லாம் ஒரே நொடில போயிரும்.

சாவி ஆஃப் பண்ணதுக்கப்புறம் நாலஞ்சு செகண்டு தட தடன்னு உதறிட்டு நின்னா அது ஒயரிங் இல்ல, இன்ஜின் ரொம்ப சூடு, உள்ள கார்பன் கனன்று தானா பத்திக்குது. உங்களது சீரா ஓடுதுங்குறதால பல்புதான். அப்புறம் பழைய டைனமோ ரெகுலேட்டர் டப்பா ஃபயர்வால்லயே தொங்கிட்டிருந்தா ஒயரோட சேத்துக் கழட்டிருங்க, இனிமே அதுக்கு வேலையில்ல.

*

கேள்வி: அண்ணா, நான் பெருமாள்மலைலேர்ந்து காய்கறி வண்டி ஓட்டுறேன், பழைய பெட்ரோல் பிக்கப். இன்ஜின் மாத்தி ஒயரிங்கும் புதுசா பண்ணியாச்சு. வெயில்ல தங்கம் மாதிரி ஓடுது. மஞ்சு எறங்குனா ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் மூணு சிலிண்டர்லதான் ஓடும். ஒயரிங் பண்ணவரு கார்புரேட்டருங்குறாரு, கார்புரேட்டர் பாத்தவரு ஒயரிங்குங்குறாரு. (பெருமாள்மலை வாசகி)

பதில்: தங்கச்சி, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காட்டிக்கிட்டே இருக்கட்டும், நீங்க ஒரு வேலை பண்ணுங்க. மஞ்சு எறங்குன ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு பானெட்டத் தெறந்து வெச்சு இன்ஜின ஓட விடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிலேர்ந்தும் பிளக் லீடுலேர்ந்தும் மின்மினி மாதிரி நீலமா ஓடுறது கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்ச எடத்துல கைய வெச்சுராதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட்டு, கரண்டு கம்மி, ஆனா கை உதறி ஃபேன்ல போய்ப் படும்.

மூடியக் கழட்டி உள்பக்கம் பாருங்க. ரெண்டு முனைக்கு நடுவுல பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா கருப்பா ஓடியிருந்தா அது கார்பன் கோடு. ஈரத்துல ஸ்பார்க் பிளக்குக்குப் போகாம அந்தக் கோட்டு வழியா ஓடிரும். துணியால தொடச்சா போகாது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ரெண்டு வாரம் ஓடும், திரும்ப வரும். மூடிய மாத்துங்க, ரோட்டாரையும் சேத்து. லீடு பழசுன்னா அதையும். இன்ஜின் மாத்தும்போது பழைய இன்ஜின் லீடையே இழுத்து மாட்டுனாங்களான்னு பாருங்க, நீளம் பத்தாம டைட்டா இழுத்து நின்னா மூடி பக்கம் ரப்பர் பூட்டு சரியா மூடாது, மஞ்சு நேரா உள்ள போகும். இது எல்லாம் சரியா இருந்தும் மிஸ்ஸிங் நிக்கலைன்னா அப்போ கார்புரேட்டர்காரரக் கூப்பிடலாம். கொடைக்கானல் 2,100 மீட்டர் ஒசரம், காத்து சமவெளிய விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கீழ செட் பண்ண ஜெட்டு (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) மேல வந்தா பெட்ரோல் அதிகமா ஊத்தி பிளக்கு கரியா இருக்கும். ஆனா அது வெயில்லயும் இருக்கும், மஞ்சுக்கு மட்டும் வராது.

*

கேள்வி: இன்ஜின் மாத்துனத ஆர்.சி.ல ஏத்தணுமா, ஊருக்குள்ளயே ஓட்டுற வண்டிதானே? (பண்ணைக்காடு வாசகர்)

பதில்: ஏத்தணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆவது பிரிவு. முன்னாடியே அனுமதி வாங்குறதுதான் முறை, வாங்காம மாத்தியிருந்தா 14 நாளுக்குள்ள பதிவு அதிகாரிகிட்ட சொல்லி ஆர்.சி.ய குடுக்கணும். டீசல் பெட்ரோலா மாறியிருந்தா அதுவும் அதுல வரணும். இன்ஜின் வாங்குன பில்லப் பத்திரமா வைங்க, ஸ்கிராப் கடைல எழுதிக் குடுக்க மாட்டேன்னா அந்த இன்ஜினே வேண்டாம். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல சொல்லிருங்க, ஊருக்குள்ள ஓட்டுனாலும் விபத்து ஊருக்குள்ளதான் நடக்கும்.

*

கேள்வி: ஐயா, இன்ஜின் மாத்துனதுலேர்ந்து செல்ஃப் அடிச்சா பிடிக்குது, சாவி விட்டாலும் ஓடுது, ஆக்ஸிலேட்டர விட்டா மட்டும் ஐடிலிங் நிக்காம ஆஃப் ஆயிருது. காயில்ல 12 வோல்ட்டு வருது, பாயிண்ட்டு புதுசு. (பூம்பாறை வாசகர்)

பதில்: கார்புரேட்டர் ஓரத்துல ஒத்த ஒயர் வெச்ச சின்ன குப்பி மாதிரி ஒரு சொலினாய்டு இருக்கான்னு பாருங்க, பல ஜப்பான் மாடல் கார்புரேட்டர்ல இருக்கும். சாவி ஆன்ல அதுக்கு 12 வோல்ட்டு வரணும், வந்தாத்தான் ஐடிலிங் பெட்ரோல் வழி தெறக்கும். இன்ஜின் மாத்துனவங்க அந்த ஒயர எங்க மாட்டுறதுன்னு தெரியாம மடிச்சு டேப் சுத்தி விட்டிருப்பாங்க. இக்னிஷன் லைன்ல மாட்டுங்க, பலாஸ்ட் இருந்தா பலாஸ்ட்டுக்கு முன்னாடி. சாவிய ஆன், ஆஃப் பண்ணும்போது 'டிக்'குன்னு சத்தம் வரும். சத்தம் வரலைன்னா சொலினாய்டு செத்துருச்சு, புதுசு வாங்குங்க.